பச்சை டிக்

ஏனுங்ணா, இந்த ஜன்னல் கண்ணாடியைச் சாத்திக்கட்டுங்களா? தூசி மூஞ்சியிலயே அடிக்குது. சாத்தினா உங்களுக்குப் புழுக்கமா இருக்குமோ என்னமோ... நீங்க ஒண்ணும் சொல்லலை, அப்பச் சரிதான். சாத்திட்டேன். இப்பத்தான் மூச்சு விட முடியுது.

எந்த ஊருங்க நீங்க? குளித்தலையா. நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு. நான் திருச்சி போறேன். பேரு நல்லசிவம். என்ற தங்கச்சி இலக்கியா அங்க ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கறா, அவளக் கூட்டியாரத்தான் போறேன். நாளைக்குக் காலைல அவளுக்கு நிச்சயதார்த்தம். ஊட்டு வாசல்ல பந்தல் போட்டாச்சு. சமையல்காரரு வந்து அடுப்புக்கு இடம் பாத்துட்டுப் போயிட்டாரு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பெங்களூர்ல இருந்து வேன்ல வர்றாங்க. எல்லாம் தயாரு. பொண்ணு மட்டும் ஹாஸ்டல்ல உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்குறா. போனும் எடுக்க மாட்டேங்குறா. இருங்க, இன்னொருக்காப் பாக்கறேன்... அடிக்குது. அடிக்குது. எடுக்கலைங்க.

இல்லைங்க, அந்த மாதிரி ஒண்ணும் இல்லை. நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியும், எல்லாரும் அதைத்தான் மொதல்ல நெனைக்கறாங்க. வேற யாரையும் அவ மனசுல வெச்சுக்கலை. மாப்பிள்ளையும் தங்கமான பையன். அவதான் சரின்னு சொன்னா. சபையில, அத்தனை பேர் முன்னால, என்ற காது கேக்க 'சரிண்ணா'ன்னு சொன்னா. சொல்லிப்போட்டு இப்ப இப்படிப் பண்ணுனா நான் யாருக்குப் பதில் சொல்லட்டும்?

எனக்கு இந்த வருசமே சரியில்லைங்க. ஆபீஸ்லயும் இதே ரோதனை, ஊட்லயும் இதே ரோதனை. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை, ஒரு வார்த்தையில சொல்லித் தொலைக்க மாட்டேங்குறாங்க. கால் ஆட்டறேன்னு பாக்கறீங்களா? பழக்கமாப் போச்சுங்க, நிறுத்தினா கை ஆட ஆரம்பிச்சுடுது.

கம்ப்யூட்டர் வேலைங்க நமக்கு. சரவணம்பட்டியில. பெரிய கம்பெனியெல்லாம் இல்லை. கீழ பேக்கரி, மேல ஒரு ஹாலு, ஏழெட்டுப் பேரு. மத்தியானமாச்சுன்னா தேங்காய் பன் வாசத்துல ஒருத்தனுக்கும் வேலை ஓடாது. பள்ளிக்கூடங்களுக்கு ஆப் செஞ்சு தர்றோம். புள்ளை வந்துதா, வீட்டுப்பாடம் என்ன, பஸ் எங்க வருது, எல்லாத்தையும் பெத்தவங்க போன்லயே பாத்துக்கலாம். அதுல 'சம்மதம்'னு ஒரு பகுதி இருக்குதுங்க. சுற்றுலா கூட்டிட்டுப் போறாங்க, பல் பரிசோதனை பண்றாங்கன்னா பெத்தவங்களைக் கேக்கணுமில்லைங்களா? ஆப்புல கேள்வி போகும், அவங்க பதில் எழுதுவாங்க. அந்தப் பகுதி என்னோடது. ஒவ்வொரு வரியும் நான் எழுதுனது.

இதைக் கேளுங்க, இது நல்ல விசயம், உங்களுக்கும் புரியும். புரோகிராம்ல நாங்க எல்லாத்தையும் ஒரு பொருளாச் செஞ்சுக்குவோம். ஒரு அம்மாவோட சம்மதம்னா அது ஒரு பொருள். எந்தப் புள்ளை, எதுக்குக் கேட்டோம், என்ன பதில் எழுதுனாங்க, எல்லாம் அதுக்குள்ள இருக்கும். டிபன் கேரியர்னு வெச்சுக்குங்களேன். இப்ப அந்தப் பொருளை இன்னொண்ணா மாறச் சொல்லலாம். 'எழுத்தா மாறு'ன்னா அந்தம்மா எழுதுன பதிலை அப்படியே குடுக்கும். 'எண்ணா மாறு'ன்னா ஒரு எண்ணைக் குடுக்கும். 'கதையெல்லாம் வேண்டாம், ஆமாவா இல்லையா?'ன்னு கேட்டா, அத்தனையும் சுருங்கி ஆமா, இல்லை ரெண்டுல ஒண்ணா நிக்கும். எப்படி மாறணும், எப்படிச் சுருங்கணும்ங்கறதை நாமளே எழுதி வைக்கலாம். நாலே வரி. எழுதிட்டோம்னா அது நம்ம பேச்சைத் தட்டாது. மனுசங்க அப்படியா? பாத்து வளத்த புள்ளையே... சரி, அதை விடுங்க.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். நாங்க எழுதறது பைத்தான்ங்கற மொழி. அதுல நாம ஒண்ணுமே எழுதாம விட்டுட்டோம்னா, பொருள் பொறவியிலயே ஆமாஞ்சாமிங்க. எப்பக் கேட்டாலும் ஆமாம்னுதான் சொல்லும். எனக்கு அந்தக் குணம் ரொம்பப் புடிக்கும்.

நான் என்ன எழுதுனேன்னா, பதில்ல 'வேண்டாம்', 'அனுப்ப முடியாது', 'விருப்பமில்லை' இந்த மாதிரி வார்த்தை இருந்தா, இல்லை. மத்ததெல்லாம் ஆமா. பதிலே வரலைன்னாலும் ஆமா. பெத்தவங்கள்ல பாதிப்பேரு பதிலே போட மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். அவங்களுக்காக டீச்சருங்க ஒவ்வொரு ஊட்டுக்கா போன் பண்ணிட்டு உக்காந்திருக்க முடியுமா? மௌனம் சம்மதம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அதை அப்படியே புரோகிராம்ல ஏத்திட்டேன். டீச்சர் போன்ல புள்ளை பேருக்கு நேரா ஒரு பச்சை டிக் வந்துரும், அவ்வளவுதான். எங்க முதலாளி ரங்கராஜ் இருக்காரே, அவரு பச்சை டிக்கைப் பாத்துட்டு எல்லாருக்கும் கீழ இருந்து வெஜ் பப்ஸ் வாங்கியாரச் சொன்னாரு. பள்ளிக்கூடத்துல எல்லாம் அதைக் காட்டித்தான் விப்பாரு. 'எங்க ஆப்புல யாரும் இல்லைன்னே சொல்ல மாட்டாங்க'ன்னு சிரிப்பாரு.

காங்கேயம் வந்துருச்சுங்களா? இன்னும் கொஞ்ச தூரம் போனா வலது கைப்பக்கம் ஒரு கிளை ரோடு பிரியும். அதுல போனா எங்க ஊடுதான். பந்தல் இங்கிருந்து தெரியாது. எங்கம்மா வாசல்லயே நிக்கும், பாவம். நிமிசத்துக்கு ஒருக்கா எனக்கு போன் போடுது. 'பொறப்பட்டாளா, பொறப்பட்டாளா'ன்னு. பொறப்பட்டுட்டா மான்னு சொல்லி வெச்சிருக்கேன். வேறென்ன சொல்றது?

ஆங், ஆபீஸ்லயும் ரோதனைன்னேனில்லைங்களா, அது ஜெசிந்தாவாலதான். இந்த ஜெசிந்தா நாகர்கோயில் பொண்ணு, பள்ளிக்கூடம் தொறந்த சமயத்துல எங்க கம்பெனிக்கு வந்தா. கீபோர்டு மேல முறுக்குத் தூள் கொட்டிக்கிட்டே வேலை செய்யறவ. வந்த வாரமே என்ற மேசைக்கு வந்து, 'சார், பதில் போடாத ஆளு சம்மதிச்சாச்சுன்னு எப்படி சார் எழுதுதீங்க?'ன்னா. நான் சொன்னேன், சம்மதம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருப்பாங்கல்லம்மான்னு. 'போன்ல சார்ஜ் இல்லாம இருந்திருக்கலாம், படிக்கத் தெரியாம இருக்கலாம், யோசிச்சுட்டு இருக்கலாம்'னு அடுக்குனா. யோசிக்கறவங்களுக்கெல்லாம் புரோகிராம் எழுத முடியுங்களா? நீ உன்ற வேலையைப் பாரும்மான்னுட்டேன்.

அப்பறம் ஆடி கழிஞ்சு ஒரு பள்ளிக்கூடத்துல தண்ணி விளையாட்டுப் பார்க்குக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. நேத்ரான்னு நாலாவது படிக்கற புள்ளை. அந்தம்மா பதில் எழுதியிருக்காங்க, 'போகட்டுங்க மிஸ். ஆனா இவளுக்குக் காதுல ஆபரேஷன் ஆகியிருக்கு, தண்ணியில மட்டும் இறக்கிடாதீங்க'ன்னு. வேண்டாம்னு எழுதலைங்க, கவனிச்சீங்களா? முடியாதுன்னும் எழுதலை. என்ற புரோகிராம் ஆமான்னு சுருக்குச்சு. பச்சை டிக். டீச்சர் டிக்கைப் பாத்தாங்க, புள்ளையை மத்தப் புள்ளைங்களோட தண்ணியில விட்டாங்க. அது ஒரு நாள் பூராத் தண்ணியில கெடந்துச்சு. காது சீழ் வெச்சு, மறுபடியும் ஆபரேஷன்.

அந்தம்மா புள்ளையோட எங்க ஆபீசுக்கே வந்துட்டாங்க. 'நான் எழுதுனது எங்க போச்சுங்க?'ன்னு கேட்டாங்க. எங்கயும் போகலைம்மா, பத்திரமா இருக்குன்னு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனேன். ஒரு எழுத்து கொறையாம இருந்துது. எழுத்தா மாறச் சொல்லிக் கேட்டிருந்தா அது முழுசாக் குடுத்திருக்கும், டீச்சர் கேக்கலை, அதுக்கு நான் என்னங்க பண்றது? அந்தம்மா ஸ்கிரீனையே பாத்துட்டு, 'இருந்து என்னங்க பிரயோசனம்?'னாங்க. புள்ளை காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்துது. பேரு சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பலை. ரெண்டாவது தடவை கூப்பிட்டேன், அப்பவும் திரும்பலை. நான் ஒண்ணும் கல்லு இல்லைங்க. ஆனா நீங்களே சொல்லுங்க, 'வேண்டாம்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாங்கன்னா கப்புனு புடிச்சிருக்கும். 'போகட்டும், ஆனா'ன்னு எழுதுனா எது என்னன்னு எடுத்துக்கறது?

இருங்க, போன்... இல்லை, இது பூக்காரரு. அலோ, சொல்லுங்க. ஆமாங்க, மல்லி, சம்பங்கி ரெண்டும். மாலை நாளைக்கு விடியக்காலைல வந்துரோணும். ஆமா ஆமா, நிச்சயம் இருக்குது, யாரு இல்லைன்னு சொன்னா? எவன் சொன்னான்? சரி வைங்க.

பாத்தீங்களா, ஊருக்குள்ள அதுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டாங்க. நாளைக்கு இது நின்னுச்சுன்னா எங்கம்மா அந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாதுங்க. எங்கப்பா போனப்ப இவ அஞ்சாவது படிச்சா. சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சு மெயின்ரோடு வரைக்கும் கொண்டாந்து பஸ் ஏத்தி விடுவேன். வழி பூராப் பேசிட்டே வருவா. இன்னிக்கு என்ன கனாக் கண்டா, எந்த டீச்சர் எந்தச் சேலை, எதுவும் விடமாட்டா. நான் உம்னு கேட்டுக்கிட்டே மிதிப்பேன். என்ற உசுருங்க அவ. பதினொண்ணாவதுல கணக்கு குரூப் நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அவ ஒண்ணும் சொல்லலை. காலேஜும் நாந்தான் பாத்தேன். அப்பவும் ஒண்ணும் சொல்லலை. திருச்சிக்கு ஆராய்ச்சிக்குப் போறேன்னது மட்டுந்தான் அவளாச் சொன்னது. அதுக்கும் போகட்டும்னு விட்டேனே! விட்டதோட பலனைத்தான் இப்ப அனுபவிக்கறேன்.

ஜெசிந்தா விசயத்தை முடிச்சுடறேன். அந்தக் காது சமாச்சாரத்துக்கு அப்பறம் ரங்கராஜ் ஒரு மீட்டிங் போட்டாரு. நான் சொன்னேன், இனிமே 'ஆனா'ங்கற வார்த்தை வந்தா டிக்கை மஞ்சளாக்கிடலாம்னு. நல்ல யோசனைதானுங்களே? ஜெசிந்தா எந்திரிச்சு நின்னுக்கிட்டா. 'சார், சில பொருளை ஆமா இல்லைன்னு சுருக்கவே கூடாது. சுருக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லணும். எதுக்குச் சம்மதம், எது வரைக்கும் சம்மதம்னு கேட்டாத்தான் பதில் சொல்லணும். அதுக்கும் மொழியில வழி இருக்கு சார்'னா. இருக்குதுங்க, நான் இல்லைங்கலை. மாறச் சொல்லிக் கேக்கற எடத்துல மாறாம, பிழைன்னு கத்திட்டு நிக்கற மாதிரி எழுதலாம். கணக்குப் போடறவங்க பயன்படுத்தற பெரிய பெரிய புரோகிராம் தொகுப்புலயே அப்படி எழுதி வெச்சிருக்காங்கன்னு எடுத்துக் காட்டுனா. வரிசையா நெறைய எண்ணுங்களை வெச்சுக்கிட்டு ஆமாவா இல்லையான்னு கேட்டா, 'எல்லாத்தையும் கேக்கறியா, எதாச்சும் ஒண்ணைக் கேக்கறியா, தெளிவாக் கேளு'ன்னு நின்னுடுமாம். ரங்கராஜ் தாடையைத் தடவிக்கிட்டே, சரி எழுதிப் பாருங்கன்னுட்டாரு. என்ற முன்னாலயே. என்ற பகுதியில.

அவ எழுதுனா. அடுத்து ஒரு சனிக்கிழமை, இன்னொரு பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சிக்குப் போறதுக்குப் பஸ்ஸெல்லாம் வரிசையா நிக்குது, புள்ளைங்க டிபன் டப்பாவோட நிக்குதுங்க, டீச்சர் போன்ல பட்டியலைத் தொறந்தா ஒரு டிக்கும் இல்லை. பட்டியலே வரலை. 'ஆமா இல்லை என்று கேட்காதீர்கள், பதிலைப் படியுங்கள்'னு செவப்பா ஒரு வரி. ஆமாவா இல்லையாங்கற பழைய கேள்வியைக் கேக்கற எடம் ஒண்ணை அவ மாத்த மறந்துட்டா, அதான் விசயம். அவளும் ஒண்ணும் வானத்துல இருந்து குதிச்சவ இல்லைங்க. அந்தப் பிரின்சிபால் எனக்குப் போன் பண்ணிக் கத்துனாரு பாருங்க, இத்தனை வருசத்துல நான் அப்படிப் பேச்சு வாங்குனதில்லை. கடைசியில டீச்சருங்க ஒவ்வொரு பதிலாப் படிச்சு, பதில் போடாதவங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டு, பஸ் பொறப்படறப்ப வெயில் சுள்ளுனு அடிக்குது. இத்தனை கலாட்டாவுல கண்டது என்ன? ஒரே ஒரு அப்பா, 'எம்புள்ளைக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்'னாராம். ஒரு ஆளுக்காக இத்தனை பேரு வெயில்ல நின்னாங்க.

நான் ரங்கராஜ் கிட்டப் போய் நின்னேன். பாத்தீங்களா சார், ஒழுங்கா ஓடிட்டிருந்ததை இவ நிறுத்திப்போட்டான்னேன். அவரு என்னைப் பாக்காமயே, 'பிரின்சிபால் மறுபடியும் பேசுனாரு நல்லசிவம். இப்படியே இருக்கட்டும்னுட்டாரு. பதிலைப் படிக்கறது நல்லதுதான்னாரு. சம்மதம் பகுதியை ஜெசிந்தா பாத்துக்கட்டும், நீங்க பஸ் பகுதிக்குப் போங்க'ன்னாரு. பஸ் பகுதிங்க! பஸ் எங்க வருது, எங்க போகுதுன்னு ஒரு புள்ளி நகரும், அதைப் பாத்துக்கறது. நான் ஒண்ணும் சொல்லலை, எந்திரிச்சு வந்துட்டேன். அவரு சரின்னு எடுத்துக்கிட்டாரு போல, திங்கக்கிழமை என்ற மேசையையே மாத்தி வெச்சுட்டாங்க.

வெள்ளக்கோவில் போயிருச்சுங்களா? பேசுனதுல கவனிக்கலை. இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டறாரு?

பொண்ணு பாக்க வந்ததைச் சொல்லணும். அந்த ஆபீஸ் எழவுக்கு அடுத்த வாரந்தான் வந்தாங்க. பையனோட தாய்மாமன் சென்னியப்பன்னு, அவருதான் அந்தப் பக்கம் எல்லாம். நல்ல மனுசன், பேச்சுல கணீர்னு இருப்பாரு. எல்லாரும் காப்பி குடிச்சு முடிச்சதும், 'இந்தக் காலத்துல பொண்ணு வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கறதுதான் மரியாதை'ன்னாரு. நானும், சொல்லு பாப்பா, உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். அவ தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. 'சரிண்ணா. ஆனா...'ன்னா. நான் சரிங்கறதைக் கேட்டதும் பாப்பாவுக்குச் சம்மதங்கன்னு சொல்லிட்டேன். பொறவு கேக்கணுமா? ஒரே சிரிப்பு, சந்தோசம், எங்கம்மா சக்கரைக் கிண்ணத்தைத் தூக்கிட்டு ஓடியாருது, சென்னியப்பன் மாமா எந்திரிச்சு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அவ இன்னும் பேசிட்டுத்தான் இருந்தா. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? அவளும் கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டா. பொண்ணுங்கன்னா வெக்கத்துல ஏதாவது இழுக்கத்தான் செய்வாங்கன்னு விட்டுட்டேன்.

அடுத்த நாளு பஸ் ஏத்தி விடப் போனேன். அங்கயும் ஏதோ சொல்லிட்டே வந்தா. நான் அவளுக்கு ஜன்னல் சீட்டுக் கெடைக்குதான்னு பாத்துட்டிருந்தேன், கூட்டம்னா கூட்டம். பொறவு போன்ல ஒருக்காப் பேசுனா. சரி பாப்பா, எல்லாம் பேசிக்கலாம், மொதல்ல நிச்சயம் முடியட்டும்னேன். அதோட போனு எடுக்கறதை நிறுத்திட்டா. இத்தனைக்கும் அவ இல்லைன்னு சொல்லவே இல்லைங்க. ஒரு தடவை கூட இல்லைன்னு சொல்லலை!

அய்யோ, இருங்க. அவதான். அவளே கூப்பிடறா. பாத்தீங்களா, வந்துட்டா வழிக்கு.

அலோ... பாப்பா, ஏங்கண்ணு இப்படிப் பண்ற? ஆமா, பஸ்லதான், கரூர் வரப்போகுது. நீ துணிமணி எடுத்து வெச்சுக்கிட்டு ஹாஸ்டல் கேட் கிட்ட நில்லு, இறங்குன உடனே... என்னது? சொல்லு, கேக்குது. அன்னிக்கா? அன்னிக்குச் சரின்னு சொன்ன. ஆமா. அதுக்கப்புறமா? அதுக்கப்புறம்... பாப்பா, எல்லாரும் பேசிட்டிருந்தாங்க, அந்தச் சத்தத்துல... பஸ் ஸ்டாண்டுலயா? இல்லை கண்ணு, கேட்டேன், கேட்டேன், கேக்காம என்ன. இப்பச் சட்டுனு... இப்ப ஒருக்காச் சொல்லிரு, அண்ணன் கேக்கறேன்ல. பாப்பா? அலோ?

வெச்சுட்டாங்க.

அவ அழுவலைங்க. அழுதிருந்தாக்கூட ரெண்டு வார்த்தை சமாதானம் சொல்லியிருப்பேன். நிதானமாக் கேட்டா. 'அன்னிக்கு நான் சொன்னதை முழுசாத் திருப்பிச் சொல்லுண்ணா, நான் வர்றேன்'னா. அவ்வளவுதானாம். 'சபையில சொன்னேன், பஸ் ஸ்டாண்டுல சொன்னேன், போன்ல சொன்னேன். நாலாவது தடவை சொல்ல மாட்டேன். ஞாபகம் வந்தா ஹாஸ்டலுக்கு வா. இல்லைன்னா நீ வரவேண்டாம்'னுட்டா.

இருங்க, யோசிக்கறேன். அவ கடுகுக் கலர் சேலை கட்டியிருந்தா. தலைக்கு மேல ஃபேன் கிரீச் கிரீச்சுன்னு சுத்துச்சு, அதுக்கு எண்ணெய் போடணும்னு நெனைச்சேன். சென்னியப்பன் மாமா மிச்சர்ல இருந்து கடலையை மட்டும் பொறுக்கித் தின்னாரு. அவ தட்டோட விளிம்பை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிருந்தா, வெரல் வெளுத்திருந்துது. எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. 'சரிண்ணா. ஆனா...' அதுக்கு மேல வாய் அசையறது தெரியுது. சத்தந்தான் வரமாட்டேங்குது. படிப்பு முடியட்டும்னாளோ? பெங்களூருக்குப் போகமாட்டேன்னாளோ? அந்தப் பையன் கிட்டத் தனியாப் பேசணும்னாளோ? ஒருவேளை வேற எதாச்சும், நமக்குத் தெரியாத எதாச்சும்... ஏனுங்ணா, ஒரு தங்கச்சி அண்ணன் கிட்ட என்னங்க சொல்லுவா? நீங்க எதாச்சும் சொல்லுங்களேன். இதுல ஒண்ணைச் சொல்லிப் பாக்கட்டுங்களா? தப்பாப் போச்சுன்னா?

அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அம்மா பக்கத்துலதான் நின்னுது. இருங்க... அலோ, அம்மா. இல்லம்மா, இன்னும் போய்ச் சேரலை. ஒரு விசயம். அன்னிக்கு அவங்க வந்தப்ப பாப்பா என்னம்மா சொன்னா? சரின்னு சொன்னா, அது தெரியும். அதுக்குப் பொறவு? ஆனான்னு ஒண்ணு சொன்னாளேம்மா. யோசிச்சுப் பாரும்மா. நல்லா யோசிச்சுப் பாரு... சரி. சரி, ஒண்ணுமில்லை. வெக்கறேன்.

'எனக்கு எங்க கண்ணு கேட்டுது? அவ சரின்னான்னு நீதான சொன்ன'ங்குது. அவ சொன்னதைக் கேக்கலையாம். நான் சொன்னதைத்தான் கேட்டுதாம்.

அத்தனை பேரு இருந்தாங்களே. ஒருத்தர் காதுலயாவது விழுந்திருக்காதுங்களா? எனக்குப் பயமா இருக்குங்க. வெளிய சொல்லக் கூடாது, ஆனா பயமாத்தான் இருக்குது. நாளைக்கு நிச்சயம் நின்னுடுமோன்னு இல்லை. அவ கண்ணு முன்னால போய் நின்னு நான் என்ன சொல்லுவேன்னு. அவ என்ற முகத்தையே பாத்துட்டு நிப்பா. அந்தக் கண்ணாடியைத் தொறந்துருங்க, மூச்சு முட்டுது.

மறுபடியும் போனு. சென்னியப்பன் மாமா. இவரு வேற இப்பத்தான்... எடுக்காம இருக்க முடியுங்களா?

அலோ, மாமா. வணக்கங்க. ஆமாங்க, பஸ்லதான். வேன் வந்துருச்சுங்களா? சந்தோசங்க. எல்லாரும் ஏறிட்டாங்களா? தாம்பாளமெல்லாம் எடுத்து வெச்சாச்சா? ஆங்... கேக்குதுங்க மாமா, கேக்குது.

...

வெச்சுட்டாருங்க.

'பொண்ணு வந்துருச்சில்ல தம்பி, நாங்க பொறப்படலாமா?'ன்னு கேட்டாரு. இருங்க மாமா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். பொறுங்கன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா என்ன சொல்றது? என்ற தங்கச்சி பேசுனது எனக்கு ஞாபகமில்லைன்னா? நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க, போனைக் காதுல வெச்சுக்கிட்டு சும்மாவே இருந்தேன். அவரும் கொஞ்ச நேரம் பாத்தாரு. பொறவு அவரே, 'சரி தம்பி, அப்பப் பொறப்பட்டுட்டோம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள வண்டியை எடுத்தர்றோம்'னு சிரிச்சாரு. பின்னாடி பொம்பளைங்க குலவை போடற சத்தம், வேன் கிளம்பற சத்தம் எல்லாம் கேட்டுதுங்க. திருப்பிக் கூப்பிடறேன், எடுக்க மாட்டேங்குறாரு. பாருங்க, அடிச்சுக்கிட்டே இருக்குது.

நான் சரின்னு சொல்லவே இல்லைங்களே. பக்கத்துலதான இருந்தீங்க, நீங்களே சொல்லுங்க. நான் சரின்னா சொன்னேன்?